நாடா கட்டிய பாக்கெட்

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண் உடுத்திய கவுனை இன்று அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்கள் அதில் பாக்கெட்டைத் தேடினால் கிடைக்காது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போடாமல் விட்டிருக்கும், அவ்வளவுதான். அந்தத் திறப்புக்குள் கையை விட்டால் உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் பெண்களின் பாக்கெட்டை உடையோடு சேர்த்துத் தைக்கவில்லை. அது தனி உருப்படி. நாடா வைத்துத் தைத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அதற்கு மேல் பாவாடை, பாவாடைக்கு மேல் கவுன்.

ஆண்களுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முழங்கால் வரை நீண்ட கோட்டு வழக்கத்துக்கு வந்தது முதல், கோட்டிலும் உள்கோட்டிலும் கால்சட்டையிலும் தையல்காரரே பாக்கெட் வைத்துக் கொடுத்துவிட்டார். பெண்களுக்குக் கிடைத்தது கட்டிக்கொள்ளும் பாக்கெட்தான். இதை ஒரு குறையாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடையோடு ஒட்டாத பாக்கெட்டுக்கு உடை மாறினால் கவலை இல்லை. காலையில் வீட்டு வேலைக்கான உடை, மாலையில் விருந்துக்கான உடை, இரண்டுக்கும் அடியில் அதே பாக்கெட், அதில் அதே சாவிக்கொத்து. பாக்கெட்டே வைக்காமல் விற்கப்படும் பாவாடைகளும் குர்த்திகளும் அலமாரியில் நிறைந்திருக்கும் இன்றைக்கு இந்த யோசனை இன்னும் நன்றாகப் பொருந்தும்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் பாதிதான் சரி. சுருக்குப்பைக்கு வாய் மேலே இருக்கும். காசு எடுக்க வேண்டுமானால் பையை வெளியே உருவி, சுருக்கைத் தளர்த்தி, எடுத்துவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். இந்தப் பாக்கெட்டின் வாய் முன்பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் ஒரு பிளவு. பாக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கும், கை மட்டும் உள்ளே போய் வரும்.

அணியும் வரிசை இப்படி. உடம்பை ஒட்டி லினன் துணியில் தளர்ந்த உள்சட்டை. அதன் மேல் நெஞ்சையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் கச்சு. அதன் மேல் பாக்கெட்டின் நாடா. பிறகு பாவாடைகள், ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ. அந்தப் பாவாடைகளுக்கு முன்துண்டுக்கு ஒரு நாடா, பின்துண்டுக்கு ஒரு நாடா. பக்கவாட்டின் மேல்பகுதியைச் சேர்க்காமல் திறந்தே விட்டிருப்பார்கள். கவுனிலும் அதே இடத்தில் திறப்பு. எல்லாத் திறப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்பதால், எத்தனை அடுக்கு உடுத்தினாலும் கை நேராகப் பாக்கெட்டுக்குப் போய்விடும். கச்சை இறுக்கிக் கட்டும் மோகத்தைக் கேலி செய்து ஜான் காலெட் வரைந்த ஒரு சித்திரம் 1770-களில் அச்சாகிப் பரவியது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் முதுகுப்புறக் கயிற்றை மற்றவர்கள் இழுக்கிறார்கள். மேலுடை இன்னும் போடாததால் அவள் இடுப்பில் தொங்கும் பாக்கெட் அதில் பளிச்சென்று தெரிகிறது. வெளியே வந்தால் யார் கண்ணிலும் படாத பொருளை ஓவியர்கள் காட்டிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் திருடர்களால்தான் கிடைக்கிறார்கள். லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்குப் பதிவுகளில் பாக்கெட்டைப் பறிகொடுத்த பெண்கள் வரிசையாக வந்து அதில் இருந்ததைச் சொல்கிறார்கள். காசு, சாவி, விரலுறை, கத்தரிக்கோல், ஊசிக்கூடு, கைக்குட்டை, மூக்குப்பொடி டப்பி, மூக்குக்கண்ணாடி, கடிதம், தின்பதற்கு ரொட்டித் துண்டு. கூட்டத்தில் பிளவுக்குள் கைவிட்டுத் திருடுவது ஒரு வகை. நாடாவையே அறுத்து முழுப் பாக்கெட்டையும் கொண்டுபோவது இன்னொரு வகை. இரவில் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியவர்களும் உண்டு. லூசி லாக்கெட் தன் பாக்கெட்டைத் தொலைத்துவிட, கிட்டி ஃபிஷர் அதைக் கண்டெடுத்தாள் என்று போகும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு, இன்றைய பாக்கெட்டை மனதில் வைத்துக் கேட்டால் அபத்தமாக இருக்கும். சட்டையில் தைத்த பாக்கெட் எப்படித் தொலையும்? நாடா முடிச்சு அவிழ்ந்தால் தொலையும்.

இத்தனை பொருள்களையும் ஒரு பெண் உடம்போடு சுமந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1870-இலும் 1882-இலும் திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் வரும்வரை, இங்கிலாந்தில் திருமணமான பெண்ணின் பணமும் பண்டமும் சட்டப்படி கணவனுக்கே போய்ச் சேர்ந்தன. வேலைக்காரப் பெண்கள் நிலை வேறு மாதிரி: அடுத்தவர் வீட்டில், அடுத்தவரோடு பகிர்ந்த அறையில் தங்கியவர்களுக்குப் பூட்டி வைக்க ஒரு பெட்டி இருந்தாலே பெரிய விஷயம். இடுப்பில் கட்டிய பை மட்டும் எந்த வீட்டிலும் அவரவர் வசம் இருந்தது. பார்பரா பர்மனும் அரியான் ஃபெனட்டோவும் 1660 முதல் 1900 வரையிலான பாக்கெட்டின் வரலாற்றைப் பெண்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதிய நூல் 2019-இல் வெளிவந்தது. இந்தச் சின்னத் துணிப்பை ஒரு முழு நூலுக்கு இடம் கொடுக்கும் என்பதை அதைப் புரட்டினால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1790-களில் இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறி, மஸ்லின் துணியில் உடம்போடு ஒட்டி வழியும் கவுன்கள் நாகரிகமாயின. அதற்கு அடியில் புடைத்து நிற்கும் பாக்கெட்டுக்கு இடமில்லை. கையில் தொங்கவிடும் சின்னப் பை வந்தது. இன்றைய கைப்பையின் முன்னோடி அதுதான். ஆனால் நாகரிகம் மாறிய அன்றே எல்லோரும் நாடாவை அவிழ்த்துவிடவில்லை. வேலை செய்யும் பெண்களும் வயதானவர்களும் கட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். 1838-இல் வெளியான ‘தையல்காரியின் கையேடு’ என்ற ஆங்கில நூலிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஐரோப்பாவின் சில பகுதிகளில் இது மறைவிலிருந்து வெளியே வந்து அலங்காரமாகவே நிலைத்தது. போர்த்துகலின் வியானா டோ காஸ்டெலோ பக்கம் திருவிழா உடையில் இதய வடிவப் பாக்கெட் பாவாடைக்கு வெளியே, மணியும் ஜிகினாவும் மின்னத் தொங்கும். ஸ்பெயினிலும் ஸ்வீடனிலும் வட்டார உடைகளில் இதன் உறவினர்கள் இன்றும் உண்டு.

வடிவத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தைப்பதற்கு முன் வடிவத்தைப் புரிந்துகொண்டால் அளவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பேரிக்காய் வடிவம்: மேலே குறுகல், கீழே அகலம், அடிமூலைகள் வளைவு. மேலே குறுகலாக இருப்பதால் இடுப்பில் துணி குவியாது, மேலுடை புடைக்காது. கீழே அகலம் என்பதால் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளாமல் பரவி உட்காரும். வளைந்த மூலையில் காசும் தூசியும் போய் ஒளிந்துகொள்ளாது.

பிளவு பாக்கெட்டின் பாதி உயரத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இதை மட்டும் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளவின் அடிமுனைக்குக் கீழே இருக்கும் பகுதிதான் உண்மையான பை. கை சுலபமாகப் போகட்டும் என்று பிளவை இரண்டு அங்குலம் நீட்டிவிட்டால், குனியும்போது பொருள்கள் வழுக்கி வெளியே வரும். பழைய பாக்கெட்டுகள் ஜிப்பும் பொத்தானும் இல்லாமல் காலம் தள்ளியது இந்த ஒரு கணக்கால்தான்.

நான் சொல்லும் அளவு: நீளம் 15 அங்குலம், அடி அகலம் 10½ அங்குலம், மேல் அகலம் 4½ அங்குலம், பிளவு மேல் விளிம்பிலிருந்து 7½ அங்குலம். இன்றைய கைபேசி பிளவுக்குக் கீழே நின்றபடி அடங்கும். பழைய பாக்கெட்டுகளில் இதைவிடச் சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. குழந்தைகளுக்கானவை கைக்குட்டை அளவில் இருக்கும். பிளவு மேல் விளிம்பிலிருந்தே தொடங்குவதும் உண்டு, ஓரிரு அங்குலம் விட்டுக் கீழே தொடங்குவதும் உண்டு. முதல் முறை தைக்கிறவர்களுக்கு விளிம்பிலிருந்து தொடங்குவதே நல்லது. பிளவுக்குப் பட்டி வைத்த இரண்டு முனைகளும் இடுப்பு நாடாவுக்குள் மறைந்துவிடும்.

துணி

லினன் கிடைத்தால் லினன். இல்லாவிட்டால் கெட்டியான காடா துணி, அல்லது தடித்த பாப்ளின். மெல்லிய மல் துணி வேண்டாம், சாவி ஒரே மாதத்தில் ஓட்டை போட்டுவிடும். வழுக்கும் சிந்தெடிக் துணியும் வேண்டாம், இடுப்பில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். காடாவை வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

44 அங்குல அகலத் துணியில் அரை மீட்டர் எடுத்தால் ஒரு ஜோடிக்கு முன்னும் பின்னும் வந்துவிடும். ஆனால் முன்னும் பின்னும் ஒரே துணியாக இருக்க வேண்டும் என்று யாரும் அன்று நினைக்கவில்லை. அருங்காட்சியகங்களில் இருப்பவற்றில் முன்பக்கம் பூவேலை, பின்பக்கம் சாதா லினன் என்று இருப்பது சர்வசாதாரணம். பின்பக்கமே இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டுப்போட்டதாகவும் இருக்கும். நைந்துபோன பாவாடையின் நல்ல பகுதி, பழைய மெத்தை விரிப்பின் மூலை, கவுன் தைத்து மிஞ்சிய துண்டு எல்லாம் பாக்கெட்டாகின.

அப்படி மறுபிறவி எடுத்த துணிகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூச்சித்திரப் பருத்தியும் உண்டு. மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கரையோர ஊர்களில், கலம் எனும் எழுதுகோலைப் பிடித்துக் கையால் வரைந்து, சாயவேரில் சிவப்பேற்றிய துணி அது. துவைத்தாலும் நிறம் போகாத அந்தத் துணிமீது ஐரோப்பாவுக்கு வந்த மோகத்தில் உள்ளூர் நெசவாளர்கள் கலங்கிப்போனார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. 1719-இல் லண்டன் தெருக்களில் அந்தத் துணி உடுத்திய பெண்களின் ஆடையை நெசவாளர்கள் கிழித்தார்கள். 1721-இல் இங்கிலாந்தும் முழுத் தடை போட்டு, 1774-இல்தான் விலக்கியது. டச்சுக்காரர்கள் தடை எதுவும் போடவில்லை. அங்கே அந்தத் துணி தாராளமாகப் புழங்கியது. ஆகவே நல்ல கலம்காரித் துண்டு ஏதாவது வீட்டில் மிஞ்சிக் கிடந்தால், முன்பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணியைத் தேட வேண்டாம்.

பூவேலை செய்ய நினைப்பவர்கள் துணியை வெட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வடிவத்தைத் துணியில் வரைந்து, சுற்றிலும் மூன்று நான்கு அங்குலம் விட்டு, வளையத்தில் இறுக்கித் தையுங்கள். பிளவுக் கோட்டையும் முன்னதாகவே வரைந்து, அதன் இரு பக்கமும் அரை அங்குலம் காலியாக விடுங்கள். பழைய வேலைகளில் பிளவின் இரு பக்கமும் ஒரே கொடி எதிரெதிராக ஏறும், அடியில் பெரிய பூ, நடுவில் இலை. சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போதும். ஆரி வேலை தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது. 1760-களில் ஐரோப்பியப் பெண்களைப் பிடித்துக்கொண்ட கொக்கி ஊசி வேலை, கிழக்கிலிருந்து அங்கே போன அதே ஆரித் தையல்தான். இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வெறும் காடாவில் தைத்த பாக்கெட்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

வெட்டும் தையலும்

ஒரு தாளை நெடுக்காக இரண்டாக மடியுங்கள். மடிப்பு ஓரம்தான் பாக்கெட்டின் நடுக்கோடு. மேலே மடிப்பிலிருந்து 2¼ அங்குலத்தில் ஒரு புள்ளி. கீழே, அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே, மடிப்பிலிருந்து 5¼ அங்குலத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் லேசாக உள்வாங்கிய கோட்டால் சேர்த்து, அங்கிருந்து அடிக்கு வளைத்து இறக்குங்கள். வெட்டி விரித்தால் வடிவம் கிடைக்கும். ஓரம் முழுக்கப் பட்டி வைத்து மூடப்போவதால் தையலுக்கென்று கூடுதல் துணி விட வேண்டியதில்லை. முன்துண்டும் பின்துண்டும் நேர் இழையில் வெட்டுங்கள். கிராஸாக வெட்டினால் எடை தாங்காமல் நாளடைவில் நீண்டுவிடும்.

மெஷினில் தைக்கலாம். ஆனால் பிளவை மட்டுமாவது கையால் தையுங்கள். மெஷின் அந்த இடத்தில் ஓடும் வேகத்துக்குத் துணியைத் திருப்ப முடியாது. 18-ஆம் நூற்றாண்டுப் பாக்கெட்டுகள் எல்லாமே கைத்தையல். நூலில் தேன்மெழுகைத் தடவிக்கொண்டால் சிக்காது, அறாது.

முதலில் பிளவு. முன்துண்டின் நடுக்கோட்டில் மேலிருந்து 7½ அங்குலம் சாக்பீஸால் கோடு போடுங்கள். வெட்டுவதற்கு முன், கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தள்ளி, பொடிப்பொடியான ஓடுதையல் போட்டுவிடுங்கள். அடிமுனைக்கு வரும்போது இரண்டு தையல் வரிசையும் நெருங்கி, முனையில் ஊசிமுனை அளவில் சந்திக்க வேண்டும். துணி பிசிறாமல் இருக்கவும், வெட்டு எதிர்பாராமல் இறங்கிவிடாமல் தடுக்கவும் இது காவல். பிறகு வெட்டுங்கள். கடைசி அரை அங்குலத்தைக் கூரான சின்னக் கத்தரியால் இழை இழையாக வெட்டி, தையல் சந்திக்கும் இடத்துக்கு ஓர் இழை முன்னால் நிறுத்துங்கள்.

பட்டிக்கு முக்கால் அங்குலப் பருத்தி நாடா, 16 அங்குல நீளம். நாடா கிடைக்காவிட்டால் அதே துணியில் நேராக வெட்டிய ஒன்றேகால் அங்குலத் துண்டை இரு ஓரமும் மடித்து இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளலாம். இப்போது பிளவின் இரண்டு ஓரங்களையும் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக இழுங்கள். பிளவு வாய் திறந்து, இரண்டு ஓரமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே நேர்கோடாகும். குர்த்தியின் கழுத்துத் திறப்புக்குப் பட்டி வைத்தவர்களுக்கு இது பழகிய வித்தைதான். அந்த நேர்கோட்டின்மேல் நல்ல பக்கத்தில் நாடாவை வைத்துப் பின்தையல் போட்டுக்கொண்டே போங்கள். நடுவில், அதாவது பிளவின் அடிமுனை வரும் இடத்தில், ஊசியில் அகப்படுவது துணியின் இரண்டு மூன்று இழைதான் இருக்கும். அங்கே அவசரப்படாமல், முன்பு போட்ட ஓடுதையலுக்கு உள்பக்கமாக ஊசி இறங்குகிறதா என்று ஒவ்வொரு தையலுக்கும் துணியைத் திருப்பிப் பாருங்கள். தாண்டியதும் மறுபக்கம் பழையபடி போகலாம். முடித்ததும் நாடாவை ஓரத்தைச் சுற்றி உள்பக்கம் புரட்டி ஹெம்மிங் செய்யுங்கள்.

இப்போது துணியைக் கீழே வைத்தால் பிளவின் அடியில் நாடா கொஞ்சம் முட்டிக்கொண்டு நிற்கும். பாக்கெட்டை நெடுக்காக மடித்து, முட்டும் நாடாவில் மட்டும் உள்பக்கத்திலிருந்து ஒரு சாய்ந்த சிறு தையல், டார்ட் பிடிப்பதுபோல. விரித்தால் அடி மட்டமாகப் படுத்துவிடும். கடைசியாகப் பிளவின் அடிமுனைக்குக் குறுக்கே மூன்று நான்கு முறை நூலை ஓட்டி, அந்த நூல்களின்மேல் காஜா தையலைப் போட்டு ஒரு சின்ன கம்பி மாதிரி கட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை கை போகும்போதும் எல்லா இழுப்பும் அந்த ஒரு புள்ளியில்தான் விழும். பழைய பாக்கெட்டுகளைப் பார்த்தாலும் ஒட்டும் மறுதையலும் அதிகம் தென்படுவது அங்கேதான்.

மற்ற வேலை சுலபம். முன்துண்டையும் பின்துண்டையும் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் குண்டூசி குத்துங்கள். நல்ல பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, உள்வெளியாகப் புரட்டும் பழக்கம் இங்கே வேண்டாம். அப்படிச் செய்தால் வெட்டிய ஓரங்கள் பைக்குள்ளே தங்கி, பிசிறு விட்டு, சாவியிலும் இயர்போன் ஒயரிலும் சிக்கும். மேல் விளிம்பை விட்டுவிட்டு, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிலும் தைத்துவிடுங்கள். பிறகு ஒன்றேகால் அங்குலக் கிராஸ் பட்டியால் ஓரத்தை மூடுங்கள். வளைவு இருப்பதால் இங்கே கிராஸ் பட்டியே நல்லது. அந்தக் காலத்தவர்கள் நேரான நாடாவையே வளைவில் சுருக்கி இழுத்துத் தைத்துவிட்டார்கள். அதற்குக் கை பழக வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு வெளி ஓரத்துக்கும் பிளவுக்குமாகச் சேர்த்து ஒன்றரை மீட்டர் பட்டி போதும். மாறுபட்ட நிறத்தில் பட்டி வைத்தால் வடிவம் எடுப்பாகத் தெரியும்.

இடுப்பு நாடாவுக்குப் பாவாடை நாடாதான். உருண்டையாக முறுக்கிய கயிறு வேண்டாம், அது இடுப்பை அறுக்கும். முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ அகலம் உள்ள தட்டை நாடா வாங்குங்கள். இடுப்புச் சுற்றளவோடு 24 அங்குலம் கூட்டி வெட்டினால் முடிச்சுக்கும் தாராளமாக இருக்கும். நாடாவை இடுப்பில் கட்டிப் பார்த்து, முடிச்சு எங்கே வர வேண்டும், பாக்கெட் எங்கே தொங்க வேண்டும் என்று இரண்டு இடத்திலும் குண்டூசி குத்துங்கள். பாக்கெட் இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் தொங்குவது வசதி. நேர் பக்கவாட்டில் தொங்கவிட்டால் கை பின்னால் திருகும். அவிழ்த்துவிட்டு, குறித்த இடத்தில் பாக்கெட்டின் மேல் விளிம்பை நாடா இரண்டாக மடிந்து கவ்வும்படி வைத்து இரட்டைத் தையல் போடுங்கள். பிளவின் இரண்டு பாதியும் நாடாவுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் பிளவு வாய் பிளந்தே இருக்கும். ஜோடியாகத் தைப்பவர்கள் இரண்டையும் ஒரே நாடாவில் வைக்கலாம். எனக்கு ஒற்றையே பிடிக்கும். இரண்டு இருந்தால் சாவி எதில் இருக்கிறது என்று தேடவே நேரம் போகும்.

எதற்கு அடியில் கட்டுவது? பக்கவாட்டுத் தையல் உள்ள நீளப் பாவாடை என்றால், இடுப்புப்பட்டிக்கு ஓர் அங்குலம் கீழே தொடங்கி ஒன்பது அங்குலம் தையலைப் பிரித்து, இருபுறமும் மடித்து ஓரம் அடித்து, அடிமுனையில் அதே காஜா கம்பியைக் கட்டிவிடுங்கள். பக்கவாட்டில் பிளவு வைத்த குர்த்திக்கு இந்த வேலையும் மிச்சம், பிளவு தயாராகவே இருக்கிறது. குர்த்தியின் பிளவு இடுப்பு வரை ஏறாமல் தாழ்வாகத் தொடங்கினால், பாக்கெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவில் இரண்டு அங்குலப் பட்டை ஒன்றைச் சேர்த்து இறக்கிக்கொள்ளலாம். புடவைக்கு இது ஒத்துவராது. கொசுவத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கை எந்த வழியாகவும் போகாது. வெளியே தெரியும்படி கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வியானா டோ காஸ்டெலோ பெண்கள் முன்மாதிரி. பூவேலை செய்தவர்கள் அதை மறைப்பானேன்?

எடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 15 அங்குலப் பாக்கெட் பார்த்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொள்ளும் போலத் தோன்றும். கைபேசி, சாவி, காசு, கைக்குட்டை, ஒரு சின்ன நோட்டு வரை சரி. தண்ணீர் பாட்டிலைச் செருகினால் நடக்கும்போது தொடையில் மோதிக்கொண்டே வரும். கூட்டமான பேருந்தில் பணத்தை இதில் வைப்பது தோளில் தொங்கும் பையைவிடப் பாதுகாப்பு. ஆனாலும் முடிச்சை இரட்டையாகப் போடுங்கள்.

துவைக்கும்போது பிளவின் வழியாக உள்வெளியாகப் புரட்டி, உள்ளே சேர்ந்த தூசியை உதறிவிட்டுத் துவையுங்கள். பூவேலை இருந்தால் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் காயவையுங்கள். அந்தக் காலத்தில் வீட்டுத் துணி மொத்தமாகச் சலவைக்குப் போகும் என்பதால் பாக்கெட்டின் மேல் மூலையில் உடையவரின் முதலெழுத்தையும், சிலவற்றில் ஓர் எண்ணையும், பொடிக் குறுக்குத் தையலில் போட்டு வைப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் தைத்துக்கொண்டால் நீங்களும் போட்டுவிடுங்கள். முதலில் நைவது இடுப்பு நாடாதான், அதுவும் முடிச்சு விழும் இடத்தில். அதைப் பிரித்தெடுத்துப் புது நாடா வைக்க அரைமணி நேரம்கூட ஆகாது. நாடா வாங்கும்போதே இன்னொரு இடுப்புச் சுற்றுக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.